பொட்டில்லாத மதிலும் கட்டாக்காலிப் பூனையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘கட்டாக்காலி’ என்றொரு சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. காலி என்பது மாட்டுக் கூட்டம். கட்டி வைப்பார் இல்லாமல் ஒழுங்கைகளிலும் தோட்டங்களிலும் மேய்ந்து திரியும் மாடு கட்டாக்காலி. பிற்பாடு அச்சொல் தெருநாய்க்கும் ஆகிவந்தது. நெடுந்தீவின் வெளிகளில் மேயும் குதிரைகளுக்கும் அது பொருந்தும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் அவற்றுக்கு இன்று உடையவன் இல்லை. பூனை விஷயத்தில்தான் சொல் தடுமாறுகிறது. மாட்டுக்குக் கயிறும் நாய்க்குச் சங்கிலியும் உண்டு. பூனையை யாரும் கட்டி வளர்ப்பதில்லை. இரவில் அடுப்படிச் சாம்பல் சூட்டில் படுத்த பூனை விடியற்புறம் வேலி தாண்டிப் போகும். மீன் வெட்டும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வரும். அதனால்தான், கட்டாக்காலியாய்த் திரிந்து பிறகு ஒரு வீட்டின் சோற்றுக்கும் மடிக்கும் பழகிவிட்ட பூனை எங்கே இருந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமலே பதில் சொல்கிறார்கள்: வெளியில் பிறந்தது, வெளியில் விடுவதுதான் நியாயம். இந்தப் பதில் அன்பிலிருந்து வருவது. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை நிரைப்படுத்திப் பார்த்தால், பழகிவிட்ட பூனைக்கு அது பெரும்பாலும் பிழையான பதில் என்றே எனக்குத் தோன்றுகிறது. பழகாத பூனைக்கு மட்டும் அது சரி.

இந்த இரண்டு பூனைக்கும் உள்ள வித்தியாசத்தை யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை தொடங்கி வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் என்பது பொதுவான கணிப்பு. கொட்டும் மழையில், சைக்கிளில் ஏற்ற முடிந்ததை மட்டும் ஏற்றிக்கொண்டு போன பயணம் அது. நாய் ஆளோடு போகும். பூனை இடத்தோடு நிற்கும். அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில்தான் பெருந்தொகையானோர் திரும்பினார்கள். இடையில் ஆறு மாதம். பூனையின் சினைக்காலம் ஒன்பது கிழமைதான் என்பதால், ஆறு மாதத்தில் ஒரு பெட்டைப் பூனை இரண்டு முறை ஈன முடியும். ஆகவே அப்படித் திரும்பிவந்த ஒரு வீட்டின் வளவில் இரண்டு தலைமுறை நிற்கக்கூடும்: மனித வாடையும் சோற்றுக் கோப்பைச் சத்தமும் தெரிந்த தாய், மனிதரைக் கண்டால் நாயைக் கண்டதுபோல் உறைந்து நிற்கும் குட்டி. இரண்டும் மெலிந்தே இருக்கும், இரண்டும் கூரைக்குப் பாயும். பார்ப்பவருக்கு இரண்டும் கட்டாக்காலிதான். தாய்க்குத் தேவைப்படுவது ஞாபகம் திரும்புவது மட்டுமே. குட்டிக்கு ஞாபகமே இல்லை. வலிகாமம் வடக்கில் இந்த இடைவெளி ஆறு மாதமல்ல. 1990இல் மக்கள் வெளியேறிய மயிலிட்டியின் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான், 27 ஆண்டுகளின் பின், விடுவிக்கப்பட்டது. அவ்வளவு காலம் ஆளற்றுக் கிடக்கும் ஊரில் பூனைக்குப் பல தலைமுறைகள் கடந்துவிடும்.

மனிதரோடு பழகுவதற்குப் பூனைக்கு ஒரு பருவம் உண்டு என்பதை 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய சோதனைகள் காட்டின. பிறந்து இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமை வரை திறந்திருக்கும் வாசல் அது. மூன்றாம் கிழமையிலிருந்து நாள்தோறும் கையில் எடுக்கப்பட்ட குட்டிகள், ஏழாம் கிழமையில்தான் கைபட்ட குட்டிகளைவிட மனிதர் மடியில் நெடுநேரம் தங்கின. பிடித்து வைத்திருந்தவரிடம் தாமாகவே வந்தன. 1995இல் சாண்ட்ரா மக்யூன் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது: தகப்பன் துணிச்சலான கடுவனாக இருந்தால், அவனை ஒருநாளும் கண்டிராத குட்டிகளும் துணிச்சலாக இருந்தன. எனவே பிறவிக்குணமும் உண்டு, பழக்கமும் உண்டு. ஆனால் ‘இரத்தத்திலேயே காடு’ என்று சிலர் சொல்வதற்கு இடமில்லை. சங்கப் பாடல்களில் வரும் வெருகு வேறு சாதி. குறுந்தொகை 107இல் ஒரு பெண், தன் துயிலைக் கலைத்த சேவல் வெருகுக் குட்டிக்கு இரையாகட்டும் என்று சபிக்கிறாளே, அந்தக் காட்டுப்பூனை நம் வீட்டுப் பூனையின் பாட்டன் அல்ல. உலகிலுள்ள வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியாவின் ஒரு காட்டுப் பூனை இனத்திலிருந்து வந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு நிறுவியது. சைப்பிரஸ் தீவில் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கு வயது ஏறத்தாழ 9,500 ஆண்டு. குருநகர் மீன்வாடிக்குப் பின்னால் சீறும் பூனையும் அந்த வமிசம்தான். அது காட்டுக்குத் திரும்பிய விலங்கல்ல. வீடு கிடைக்காத வீட்டு விலங்கு.

அடுத்து, சந்தோஷம் என்பதை எதைக் கொண்டு அளப்பது? கதவடியில் நின்று பூனை கத்துகிறது, ஆகவே அதற்கு வெளியே போகத்தான் ஆசை என்பது எல்லோரும் காட்டும் சான்று. விலங்கின் விருப்பத்தைக் கேட்டறியும் சோதனைகளை 1970களில் வளர்த்தெடுத்தவர் ஒக்ஸ்போர்டின் மரியன் டோக்கின்ஸ். கூட்டில் வளர்ந்த கோழிகளுக்குக் கூட்டையும் புல்வெளியையும் தெரிவு செய்யக் கொடுத்தபோது, அவை முதலில் கூட்டையே நாடின. புல்வெளியைச் சிறிது அனுபவித்த பிறகுதான் அங்கே போகத் தொடங்கின. பழகிய இடத்தையே உயிர் முதலில் கேட்கும் என்பதுதான் இதன் பொருள். கூட்டுக் கோழி கூட்டைக் கேட்டதால் கூடு நல்லதென்று யாரும் முடிவு செய்யவில்லை. அப்படியிருக்க ஒழுங்கைப் பூனை ஒழுங்கையைக் கேட்பதால் ஒழுங்கை நல்லதென்று ஏன் முடிவு செய்ய வேண்டும்? முதல் இரண்டு மூன்று கிழமை கேட்கும் கத்தலுக்கு அதிக மதிப்புக் கொடுக்க முடியாது. மூன்று மாதம் கழித்தும் அதே கதவில் அதே கத்தல் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. மறுபக்கத்தில், கத்தாமல் இருப்பதும் நிம்மதிக்குச் சான்றாகாது. சுவிற்சலாந்தில் கெஸ்லரும் ரேர்னரும் 1997இல் பூனையின் மன அழுத்தத்தை ஏழு படிகளாகப் பிரித்து, உடம்பின் நிலையைக் கொண்டே அளக்கும் முறையொன்றை வகுத்தார்கள். அலுமாரிக்கு அடியில் நான்கு காலையும் வயிற்றுக்குக் கீழே மடக்கி, காதைத் தட்டையாக்கி, கண்மணி அகன்று அசையாமல் இருக்கும் பூனையைப் பார்த்து ‘சாதுவாகிவிட்டது’ என்று வீட்டார் சொல்வார்கள். அந்த அளவுகோலில் அது உச்சப்படிக்குக் கிட்ட நிற்கிறது. சந்தோஷமான பூனை பக்கவாட்டில் சாய்ந்து கால் நீட்டித் தூங்கும். ஆளைக் கண்டதும் வாலை நட்டுக்கொண்டு வரும். அவர்கள் இருவரும் 1999இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, மனிதரோடு பழகாத பூனைகள் காப்பகத்தில் அடைபடும்போது பழகியவற்றைவிட அதிக அழுத்தத்தில் இருந்ததையும் காட்டியது. வளர்ந்த கட்டாக்காலியைப் பிடித்துவந்து அறையில் பூட்டிவிட்டு அன்பு காட்டுவதாக நினைப்பவர்கள் இந்த ஒரு முடிவையாவது வாசிக்க வேண்டும்.

வெளியுலகத்தைப் பற்றிய கற்பனையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஆளுள்ள பூனைகளுக்கும் ஆளில்லாத பூனைகளுக்கும் ரேடியோக் கழுத்துப்பட்டி மாட்டி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆளில்லாத ஒரு கடுவனின் சுற்றுப் பரப்பு 547 ஹெக்டேயர். ஆளுள்ள பூனைகளின் சராசரி இரண்டு ஹெக்டேயருக்கும் குறைவு. யாழ்ப்பாணக் கணக்கில் 80 பரப்புக்குள். ஆளுள்ள பூனைகளுக்கும் வெளியே போகத் தடையிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதவு திறந்திருந்தும் அவை தூரம் போகவில்லை, ஏனென்றால் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. பெருஞ்சுற்று ஊர் பார்க்கும் ஆசையில் வந்ததல்ல. பசியும் துணைதேடலும் அதை நடக்க வைக்கின்றன. சோறு உறுதியாகி, நலமடித்தும் விட்டால் அந்தப் பரப்புச் சுருங்கும். பிழைப்பின் விலையை வட கரோலினாவில் 2004இல் வெளியான ஒரு கணக்குச் சொல்கிறது: பின்தொடரப்பட்ட 169 கட்டாக்காலிக் குட்டிகளில் 127, அதாவது 75 வீதம், ஆறு மாதம் நிறையுமுன் செத்தோ காணாமலோ போயின. சாவுக்குக் காரணம் தெரிந்த இடங்களில் பெரும்பாலும் அது நாயோ வாகனமோதான். யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை நாய்க் கூட்டம். கண்டி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் இரவு பகல் தெரியாமல் ஓடும் மோட்டார் சைக்கிள்கள். பற்றைக்குள் எலி தேடி முகத்தை நீட்டும் பூனைக்குச் சுருட்டை விரியனும் புடையனும் காத்திருக்கின்றன. ஆண்டு மழையில் பெரும்பகுதியைக் கொட்டித் தீர்க்கும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில், தாழ்ந்த வளவுகளில் தண்ணீர் நிற்கும்போது, குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறுவதற்கு ஒரு கூரைமூலை தேடும் தாயை எந்த ஒழுங்கையிலும் காணலாம். சின்னக்கடையிலும் பாசையூரிலும் மீன்சந்தைப் பூனைகள் கொழுத்துத் தெரிவது உண்மைதான். அங்கே நம் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்தவை மட்டும்.

உள்ளே என்றால் எந்த உள்ளே என்ற கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். இந்தக் கட்டுரையின் சிக்கலே அதுதான். பழைய யாழ்ப்பாண வளவில் உள்ளும் வெளியும் கோடு போட்டுப் பிரிந்திருக்கவில்லை. குசினி வீட்டிலிருந்து விலகித் தனியே நின்றது. புகைபோக அதன் சுவர் கூரையைத் தொடாமல் விட்டிருந்தார்கள். விறாந்தை மூன்று பக்கமும் திறந்திருந்தது. கிடுகு வேலியிலும் பனையோலை வேலியிலும் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஒரு பொட்டு இருக்கும். அயல்வீட்டாள் நெருப்புக் கேட்டு வருவது அதனூடாகத்தான், பூனை போய்வருவதும் அதனூடாகத்தான். அந்தப் பூனை எந்நேரமும் எங்கே இருப்பது என்பதைத் தானே தீர்மானித்தது. மேற்குநாட்டு ஆய்வுகள் ‘கட்டுப்பாடு தன் கையில் இருத்தல்’ என்று எதைப் பூனையின் நலத்துக்கு அடிப்படை என்கின்றனவோ, அதை நமது பொட்டு ஒரு செலவுமில்லாமல் கொடுத்தது. இன்று வேலி போய்ச் சீமெந்து மதில் வந்துவிட்டது. இரும்புக் கேற், கிறில் போட்ட விறாந்தை, மாபிள் தரை, வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டிக்கொடுத்த மேல்மாடி. பூட்டிய கதவைத் திறப்பது மனிதன் மட்டும். உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிது. மதில்தான் அதை உண்டாக்கியது. ஆகவே கதவடியில் கத்திக்கொண்டு நிற்கும் பூனை இழந்தது ஒழுங்கையை அல்ல, தெரிவு செய்யும் உரிமையை என்று நான் வாசிக்கிறேன். அந்த உரிமையை வீட்டுக்குள்ளேயே பெருமளவு திருப்பிக் கொடுக்க முடியும். நெதர்லாந்தின் காப்பகமொன்றில் 2014இல் வெளியான சோதனை மிக எளிமையானது: புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்திருக்க ஒரு பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களுக்குள்ளேயே அமைதியடைந்தன. கிடைக்காதவற்றுக்கு இரண்டு கிழமை ஆனது. ஒரு காட்போட் பெட்டிக்கு அவ்வளவு பலம். அலுமாரி உச்சிக்கு ஏற ஒரு வழி, யன்னல் கட்டில் உட்கார அகலமான பலகை, சாப்பாட்டுக் கோப்பைக்கு எட்டத்தில் கடல்மணல் தட்டு, விறாந்தைக் கிறிலுக்குக் கம்பி வலை. பூனைக்கு நிலப்பரப்பைவிட உயரம் பெரிது. கண்ணுக்கு எட்டுவது உடம்புக்கு எட்டாவிட்டாலும் அது காவல் இருக்கும்.

அடைபட்ட பூனை கொழுத்து நோயாளியாகும் என்பது வலுவான எதிர்வாதம், அதை நான் லேசாக ஒதுக்கப்போவதில்லை. ஒஹாயோவில் ரொனி பஃபிங்டன் பல ஆண்டு ஆராய்ந்த, கிருமி எதுவும் இல்லாமல் வரும் பூனைச் சிறுநீர்ப்பை அழற்சி, வெறுமையான வீட்டுக்குள் அடைபட்ட பூனைகளிடம் அதிகம். வீட்டுச் சூழலை மாற்றினால் அதன் குறிகள் நன்றாகக் குறையும் என்று அவரது குழு 2006இல் காட்டியது. நோய்க்குக் காரணம் கூரை அல்ல, கூரைக்குக் கீழே செய்வதற்கு ஒன்றுமில்லாமை. இதைவிடப் பாரதூரமான ஆபத்து யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். சைவ வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பாற்சோறும் தயிர்ச்சோறும். பூனை இறைச்சி இல்லாமல் வாழ முடியாத விலங்கு. டோரின் என்ற சத்தைத் தேவையான அளவு தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள அதற்கு இயலாது. சோற்றிலும் மரக்கறியிலும் அது இல்லை, பாலில் போதாது. டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1970களிலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இலும் நிறுவப்பட்டன. இதுவரை சைவ வீட்டுப் பூனைகள் குருடாகாமல் இருந்ததற்குக் காரணம் அவை வீட்டுச் சோற்றில் மட்டும் வாழவில்லை என்பதுதான்: பல்லி, எலி, தும்பி, அயல்வீட்டு மீன்தலை. பொட்டு அடைபட்டால் அந்த வழியும் அடைபடும். பூனையை உள்ளே எடுப்பவர் அதன் வேட்டையையும் பொறுப்பெடுக்க வேண்டும். மரக்கறிக் குசினிக்குள் மீன் வரக்கூடாதென்றால் கடையில் விற்கும் பூனைத் தீன் போதும். அதில் டோரின் சேர்த்திருப்பார்கள். மீன் சமைக்கும் வீடுகளில் அவித்த மீன் நல்லது. சிலவகை மீன்களைப் பச்சையாகவே எந்நாளும் போட்டால் வைட்டமின் பி1 அழிந்து நரம்புத்தளர்ச்சி வரும். இவை எதுவும் முடியாத வீட்டில் பூனையை அடைப்பது, அதை நாயிடமிருந்து காத்துப் பசியிடம் ஒப்படைப்பது.

எலிக்காக வெளியே விடுகிறோம் என்பவர்களுக்கு 2024 டிசெம்பர் நினைவிருக்கும். மழைக்குப் பின் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. பூனை அந்தக் காவலைச் செய்கிறதா? நியூயோர்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பை மீள்சுழற்சி நிலையத்தில் 79 நாள் கமரா வைத்துப் பார்த்ததில், பூனைகள் எலியைப் பதுங்கித் தொடர்ந்தது 20 முறை. கொன்றது இரண்டே இரண்டு. எலிகள் குறையவில்லை, ஒளிந்துகொண்டன. அது பெருத்த எலி, நம் ஓட்டுக் கூரைக்குள் ஓடுவது சிறிய கறுப்பெலி, ஆகவே இங்கே பூனை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யக்கூடும். ஆனால் நோயுற்ற எலி வீட்டுக்குள் வருவதும் பூனையின் வாய் வழியாகத்தான். விசர்நோயையும் சேர்த்தே எண்ண வேண்டும்: 1973இல் இலங்கையில் 377 பேரைக் கொன்ற நோய் இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேரளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்க்கு அடுத்தபடி அதைக் காவும் வீட்டு விலங்கு பூனை. உள்ளே வந்தாலும் வெளியே நின்றாலும் தடுப்பூசி தேவை. பறவைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. சுண்டிக்குளத்துக்கும் தொண்டைமானாற்றுக்கும் வரும் வலசைப் பறவைகளின் பக்கத்து நியாயம் தனிக் கட்டுரைக்குரியது.

அப்படியென்றால் பழகாத பெரிய பூனையை என்ன செய்வது? புளோரிடாவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 11 ஆண்டு நடந்த வேலையை 2003இல் வெளியிட்டார்கள். பிடித்துக் கருத்தடை செய்து, பழகக்கூடியவற்றை வீடுகளுக்குக் கொடுத்து, மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட்டார்கள். 155 பூனைகளில் 47 வீதம் வீடு சேர்ந்தன. 1996இல் 68ஆக இருந்த தொகை 2002இல் 23ஆனது. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஆறு ஆண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்திருந்தன. வெளியே விட்டது அவற்றுக்குத் தண்டனையாகவில்லை. ஈற்றும் சண்டையும் குறைந்து, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சோறு கிடைத்தது. இங்கும் என் முடிவு அதேதான். ஏழு கிழமைக்குள் கைபட்ட குட்டிக்கு உள்ளேதான் நல்வாழ்வு. வீடு தெரிந்திருந்து தெருவுக்கு வந்த பூனைக்கும் அதுவே, ஆனால் இரண்டு மூன்று கிழமை ஒரு சிறிய அறையிலிருந்து தொடங்கி. பகலில் வலையடித்த விறாந்தை, இரவில் மூடிய கதவு. மனிதரையே அறியாமல் வளர்ந்த கடுவனை மடிக்கு இழுக்கப் பாடுபட வேண்டாம். நலமடித்து, தடுப்பூசி போட்டு, அது நின்ற வளவிலேயே விடுங்கள்.

மாரி மழை தொடங்க முன்னர் உங்கள் கோடிப்புறத்து விறகடுக்கிலோ பழைய குசினிப் பரணிலோ ஒரு பூனை ஈன்றிருந்தால், குட்டிகள் தள்ளாடி நடக்கத் தொடங்கும் மூன்றாம் கிழமையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏழாம் கிழமைக்குள் நாளுக்கு அரைமணி நேரம், இரண்டு மூன்று வெவ்வேறு கைகள் அவற்றைத் தூக்கட்டும். தாயைக் கருத்தடைக்குக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகக் காசில்லாவிட்டால் அயலில் நாலு வீட்டார் சேர்ந்து போடுங்கள்.